உரித்துப் போட்டுவிட்டுப் போன கதவு

காஞ்சிபுரம்,
புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை.

அன்பு மகள் பிரவீனாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், மனசளவில் எப்படி இருக்கிறோம் என்பதைக் கீழே விவரமாக எழுதுகிறேன். நீ அங்கே டப்ளினில் நன்றாக இருப்பதாக உன் அம்மா சொன்னாள். நீ என்னிடம் நேராகப் பேசுவதை விட்டுவிட்டதால் அவள் சொல்வதைத்தான் நான் நம்ப வேண்டியிருக்கிறது. கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதை வேகமாக ஓட்டித்தான் கேட்பேன் என்று பொங்கலுக்கு வந்தபோது நீயே சொல்லிச் சிரித்தாய். என் கோபத்தை ஓட்டிக் கேட்டால் அது கோபமாகவா இருக்கும், குருவி கத்துகிற மாதிரி இருக்கும். கடிதத்தை ஓட்ட முடியாது. அதனால்தான் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன், நீ கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். உட்கார்ந்து முழுசாகப் படி. வாசல் கதவில் ஆரம்பித்து, நீ இனிமேல் இந்த வீட்டுக்கு வருவாயா மாட்டாயா என்பதில் வந்து நிற்கும், நடுவில் எழுந்து போய்விடாதே.

தை மாசம் லீவில் வந்து வாசல் கதவைச் சாவியால் சுரண்டிப் பார்த்தாயே, அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அந்தக் கதவு இந்த வீட்டை நாம் வாங்கும்போதே இருந்தது. இரட்டைக் கதவு, கீல் கிடையாது, மேலும் கீழும் குடுமி வைத்துக் குழியில் சுற்றுகிற பழைய கதவு, ஒரு பக்கத்தைத் தூக்கவே மூன்று நாலு ஆள் வேண்டும். கடைசியாக அதன்மேல் இருந்த காப்பிப்பொடி கலர் பெயிண்ட் நான் அடித்தது. மழையோ வெயிலோ, அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது, ஒருத்தரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நீ சுரண்டினாய், உள்ளே தேக்கு என்று கண்டுபிடித்தாய், ‘இதப் போயி பெயிண்ட் அடிச்சு மூடி வச்சிருக்கீங்களேப்பா’ என்று என்னைக் குற்றவாளி மாதிரி பார்த்தாய். சூடு காட்டுகிற மெஷின் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்தாய். முகத்துக்கு மாஸ்க், கைக்குக் கையுறை. காப்பிப்பொடிக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே பச்சை என்று ஒவ்வொன்றாகச் சுட்டுச் சுரண்டி வாசல் முழுக்கக் கொட்டினாய். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. மரத்தின் வரியெல்லாம் தெரிந்தது, உன் அம்மா தடவித் தடவிப் பார்த்தாள். ஆனால் உரித்த கையோடு மேலே ஒன்றைப் பூச வேண்டாமா? எதைப் பூசுவது என்று நீ யோசித்து முடிப்பதற்குள் லீவு முடிந்துவிட்டது. ‘எந்த பாலிஷ்னு பார்த்துச் சொல்றேன்பா, நீங்க எதையும் தடவி வச்சிடாதீங்க, தீபாவளிக்கு வர்றப்ப நானே போட்டுடறேன்’ என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாய். நானும் உன் அம்மாவும் அதை நம்பினோம்.

அதற்குப் பிறகு மாசத்துக்கு ஒரு யோசனை அனுப்பினாய். மாசியில் தேன்மெழுகு என்றாய். பங்குனியில் மெழுகு மழைக்குத் தாங்காதாம், வார்னிஷ் என்றாய். சித்திரையில் வார்னிஷ் மேற்கு வெயிலுக்குப் பட்டை பட்டையாக உரியுமாம், வேண்டாம் என்றாய். அப்புறம் ஏதோ டேனிஷ் ஆயில், அது இங்கே எந்தக் கடையிலும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடியோ. அதில் ஒரு வெள்ளைக்காரன் தோட்டத்தில் கதவைப் படுக்கப்போட்டு நிதானமாகத் தடவுகிறான். அவன் தெருவில் சாமி வருகிறதா, அவன் மனைவி வெள்ளிக்கிழமை கதவுக்கு மஞ்சள் வைக்கிறாளா? உன் அம்மா வைப்பாள். வெறும் மரம், குடித்துவிடும், கொஞ்ச நாளைக்கு வைக்காதே என்று நான் சொன்னால், ‘வெறுங்கதவா வுட்டா துக்க வூடுன்னுல்ல நெனைப்பாங்க’ என்று என்னிடமே சண்டைக்கு வருகிறாள். பெயிண்ட் மேல் வைத்த மஞ்சள் துடைத்தால் போய்விடும், இது போகவில்லை, வாராவாரம் உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது. வைகாசியில் கருட சேவைக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேர் நம் வாசலில் ஏறிக் கதவில்தான் சாய்ந்து நின்றார்கள், வேர்வையும் பிரசாத நெய்யும் அதிலேயே ஊறிவிட்டது. ஆடிச் சாரலில் இரும்புக் குமிழைச் சுற்றிக் கறுப்பாகப் பூத்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று யோசனை சொன்னார்கள், ஒருத்தர் முந்திரி எண்ணெய் என்கிறார், ஒருத்தர் ஸ்பிரிட் பாலிஷ் என்கிறார். பாலிஷ்காரர் மாணிக்கவேலைக் கூப்பிட்டால் ‘மெலமைன் போட்டுடலாம் தலைவரே, பளபளன்னு இருக்கும்’ என்கிறார். கட்டிலுக்கும் பீரோவுக்கும் போடுகிறதை வாசலுக்குப் போட்டால் ஒரு மழையில் வெளுத்துவிடும் என்று எனக்கே தெரியும். அவரும் நாளைக்கு வருகிறேன் என்றால் அடுத்த வாரம்தான் வருகிற ஆள்.

எதையும் தடவாதீங்க என்று நீ சொன்னது வாசல் கதவைத்தான். அதனால் கொல்லைக் கதவில் டிராக்டரில் வடித்த பழைய ஆயிலைத் தடவிப் பார்த்தேன். நம் சொந்த ஊர் தாமலில் கொட்டகைக் கதவுக்கெல்லாம் அதுதான், கரையான் கிட்டே வராது. இங்கே என்னவோ அது காயவே இல்லை. கல்யாணத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் உன் அம்மா அரக்குப் பட்டோடு போய் அதில் உரசிவிட்டாள், முந்தானைச் சரிகையில் கை அகலத்துக்குக் கறுப்பு. பட்டு நெய்கிற ஊரில் இருந்துகொண்டு அந்தக் கறையை எடுக்க ஒருத்தராலும் முடியவில்லை. ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. நீ வாசல் கதவை உரிக்காமல் இருந்திருந்தால் நான் எதற்குக் கொல்லைக் கதவுக்குப் போகிறேன்? அந்தப் புடவையும் உன்னால் போனதுதான், என்னைச் சொல்லிப் பிரயோஜனமில்லை.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன். தீபாவளிக்கு வந்து போடத்தானே போகிறாள் என்று இருந்தேன். ஆவணி கடைசியில், தீபாவளிக்கு வர முடியாது என்று உன் அம்மாவிடம் மட்டும் போனில் சொல்லியிருக்கிறாய். அவள் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், ‘பாப்பாவுக்கு அங்க வேலை ஜாஸ்தியா இருக்குதாம்’ என்றாள். அந்த வாரமே கூரியரில் இரண்டு டின் பூச்சு வந்தது. கூடவே உன் மெசேஜ். ‘இதுதான்பா பெஸ்ட். பியூ கோட்டிங். மாணிக்கவேல் அண்ணன வச்சு ரெண்டு கோட் அடிச்சுடுங்க, பத்து வருஷத்துக்குத் தொடவே வேணாம்.’ இந்தக் கடைசி வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. தொடவே வேண்டாம் என்பதை நீ நல்ல செய்தியாக நினைத்துத்தான் எழுதியிருக்கிறாய். தீபாவளிக்கு நானே போடுகிறேன் என்று சொன்ன பெண் பத்து வருஷத்துக்குச் சேர்த்து டின் அனுப்பினால் பெற்றவன் என்ன நினைப்பான்? டின்னைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை நான் தாமலுக்குப் போயிருந்தேன், ஏரி மதகுக்குப் பலகை மாற்றுகிற வேலை, பாசன சங்கத் தலைவர் நான் நிற்காமல் நடக்காது. அந்த நேரம் பார்த்து நம் வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றிருக்கிறது. உதயகுமார் என்று ஒருத்தர், கூட நாலு ஆள். ‘இது பிரவீனா மேடம் வூடுதானேம்மா, கதவு விஷயமா வந்தோம்’ என்றாராம். உன் பெயரைக் கேட்டதும் உன் அம்மா செல்லியம்மாளுக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. பாப்பா அனுப்பிச்சாளா என்று கேட்டிருக்கிறாள், அவங்க போட்ட போட்டோவ பார்த்துட்டுதாம்மா வர்றோம் என்று அவர் சொல்லியிருக்கிறார். என்ன பாலிஷ் போடப் போறீங்க என்று கேட்டிருக்கிறாள். ‘பாலிஷ் நாங்களே போட்டுக்கிறோம்மா, நீங்க கவலப்படாதீங்க, கதவ எடுத்துக்கலாமா?’ என்று அவர் கேட்டதற்கு, தாராளமா எடுத்துக்கோப்பா என்று இவள் சொல்லி, ஆளுக்கு ஒரு சொம்பு மோரும் கொடுத்திருக்கிறாள். ரேட்டெல்லாம் மேடத்துகிட்ட பேசிக்கிறேன் என்றாராம், இவள் அதைப் பாலிஷ் கூலி என்று நினைத்துக்கொண்டாள். மாவிலைத் தோரணத்தை இவளே கழற்றினாள். இடது பக்கக் கதவைக் குடுமியிலிருந்து தூக்கிப் பழைய போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். பார்த்துப்பா, மெதுவா என்று இவளும் ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தாளாம். வண்டியில் ஒன்றுக்குத்தான் இடம், இன்னொன்றுக்கு நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் வந்து பார்த்தால் பாதி வாசல் திறந்து கிடக்கிறது. உன் அம்மா சந்தோஷமாக நிற்கிறாள். பாலிஷ் ஆளுங்க வந்து எடுத்துக்கினு போயிட்டாங்க, பாப்பா அனுப்பிச்ச ஆளுங்க, ரொம்ப மரியாதையானவங்க என்கிறாள். என்ன சொன்னார்கள், ஒரு வார்த்தை விடாமல் சொல் என்று கேட்டேன். அவள் சொன்னாள். பிரவீனா, நீ படித்தவள், நீயே சொல். போட்டுக் கொடுக்கிறோம் என்று ஒருவன் சொன்னால் நமக்காகப் போடுகிறான். போட்டுக்கிறோம் என்று சொன்னால் தனக்காகப் போட்டுக்கொள்கிறான். எடுத்துக்கலாமா என்பதும் அப்படித்தான். பால்வாடிக் குழந்தைக்குத் தெரிந்த வித்தியாசம் இது. அதை நான் கத்திச் சொன்னபோது உன் அம்மா, ‘பாப்பா பேரச் சொன்னாங்க, அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கலீங்க’ என்றாள்.

எதிர்வீட்டு சுகாசினிதான் ஓடி வந்தாள். பட்டுக்கடைக்காகப் புடவைப் படங்களை இன்டர்நெட்டில் ஏற்றுகிற வேலை அவளுக்கு, அதனால் இந்த போட்டோ விவகாரமெல்லாம் தெரியும். தேடி எடுத்துவிட்டாள். ஏதோ மரவேலைக்காரர்கள் குரூப்பாம், நம் கதவை முழுசாகப் படம் பிடித்து அதில் போட்டிருக்கிறாய். இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தமிழில் சொல்லும்மா என்றேன். எங்கள் அப்பா அம்மா வீட்டுக் கதவு, நான் திரும்பிப் போய் அங்கே இருக்கப் போவதில்லை, என்று படித்துவிட்டு அவள் நிறுத்திவிட்டாள். படி என்றேன். பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை, பத்து வருஷம் யாரும் தொடாமல் நிற்க எதைப் பூசலாம், என்று மீதியையும் மெல்லிய குரலில் படித்தாள். அதற்குக் கீழே இந்த உதயகுமார், ஊர் எது என்று கேட்டிருக்கிறார், நீ தெருப் பெயரோடு சொல்லியிருக்கிறாய். கதவைக் கொடுப்பார்களா என்று கேட்டிருக்கிறார், நீ சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டிருக்கிறாய். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். சிரித்தது நீ, மோர் கொடுத்தது உன் அம்மா, நடுவில் கதவு போய்விட்டது. அது போகட்டும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று எழுதினாயே, அப்படியென்றால் நானும் உன் அம்மாவும் யார்? தினம் அந்தக் கதவைத் திறந்து சாத்துகிறவர்கள் உன் கண்ணுக்கு ஆளாகவே தெரியவில்லையா? திரும்பி வரப் போவதில்லை என்பதை முகம் தெரியாத மரவேலைக்காரர்களுக்கெல்லாம் சொன்ன நீ, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பெண் படித்துக் காட்டி நான் தெரிந்துகொள்கிறேன். எனக்கு வந்த கோபத்தில் அந்த போனை வாங்கி வீசியிருப்பேன், அது சுகாசினியின் போன் என்பதால் விட்டேன்.

அவளே நம்பர் கண்டுபிடித்துக் கொடுத்தாள். ஏனாத்தூர் தாண்டி டீ குடித்துக்கொண்டிருந்தார் அந்த உதயகுமார். அங்கேயே நில் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். சண்டை போடுகிற தயாரிப்போடுதான் போனேன், ஆனால் அவர் சண்டைக்கு வரவில்லை. ‘அம்மாதான எடுத்துக்கோன்னு சொன்னாங்க ஐயா, உங்களுக்கு இஷ்டமில்லேன்னா திருப்பி மாட்டிக் குடுத்துட்டுப் போறேன்’ என்றார். பீச் ரோட்டில் ஏதோ ஓட்டல் கட்டுகிறார்களாம், அதற்குப் பழைய கதவாகத் தேடுகிறாராம். அப்புறம் ஒன்று சொன்னார். ‘பொண்ணு ஃபாரின்ல செட்டில் ஆயிட்டாங்க, வூட்ட எப்பிடியும் ஒருநாள் குடுக்கத்தான போறீங்க, கதவாச்சும் நல்ல எடத்துக்குப் போவட்டும்னு நெனச்சேன் ஐயா.’ அவர் கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொண்டிருப்பேன். வண்டியைத் திருப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு, அதன் பின்னாலேயே, போர்வைக்கு வெளியே தெரிந்த கதவு மூலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கதவு திரும்ப மாட்டியாகிவிட்டது, ஆனால் பேச்சு நிற்கவில்லை. வண்டியில் கதவு போனதைப் பார்த்தவர்கள் வீட்டைக் கொடுக்கப் போகிறார் என்று முடிவு செய்துவிட்டார்கள். ரேஷன் கடையில் ஒருத்தர் தலைவரே எவ்ளோவுக்குப் பேசறீங்க என்று கேட்கிறார். டூரிஸ்ட் பஸ் நிறுத்த இடம் வேண்டும் என்று ஒரு பட்டுக்கடைக்காரர் ஆள் அனுப்பினார். தாமலில் என் பங்காளிகள், பொண்ணுகிட்ட போறியாமே, எங்ககிட்ட சொல்லவே இல்லையே என்று வருத்தப்படுகிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் இல்லை, இல்லை என்று சொல்லி என் வாய் வலிக்கிறது. நான் இல்லை என்று சொல்லும்போதெல்லாம் உன் அம்மா என் முகத்தைப் பார்க்கிறாள், நிஜமாகவே இல்லையா என்று கேட்கிற மாதிரி. அவளை மிரட்டி விசாரித்த பிறகுதான் நீ அங்கேயே நிரந்தரமாக இருந்துகொள்ள விண்ணப்பம் எழுதிப் போட்டிருக்கிற விஷயத்தைச் சொன்னாள். எனக்குக் கோபம் வரும் என்று மறைத்தாளாம். இப்போது மட்டும் என்ன வந்திருக்கிறது?

சரி, கதவுக்கு என்ன ஆயிற்று என்று கேள். சும்மா திட்டுகிறேன் என்று நினைக்காதே, உன் டின்னுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். பரணிலிருந்து இறக்கி, மாணிக்கவேலை விட்டு இரண்டு டின்னிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கலக்கச் சொல்லி, மிச்சம் கிடந்த ஒரு தேக்குத் துண்டில் அடித்துப் பார்த்தோம். காய்ந்து கண்ணாடி மாதிரி நின்றது. தண்ணீர் ஊற்றினேன், உருண்டு ஓடிவிட்டது. நல்ல பூச்சுதான், நீ விசாரித்துத்தான் வாங்கியிருக்கிறாய், ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் உன் அம்மா மஞ்சளைக் குழைத்துக்கொண்டுவந்து மூன்று விரலால் அதில் வைத்தாள். பாதி வழிந்து இறங்கியது, மீதி காய்ந்ததும் செதில் செதிலாக உதிர்ந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி உதிர்ந்தது. ‘எதுவுமே ஒட்டலீங்க’ என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவ உள்ளே போய்விட்டாள். எதுவும் ஒட்டாமல், யாரும் தொடாமல் பத்து வருஷம் நிற்கிற கதவு உதயகுமாரின் ஓட்டலுக்குத்தான் சரி, எனக்கு வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஆளிவிதை எண்ணெய் வாங்கிவந்தேன், காய்ச்சிய எண்ணெய், கடையில் லின்சீடு ஆயில் என்று கேட்டால் கொடுக்கிறார்கள். அதில் பளபளப்பு வராது. அது பத்து வருஷம் நிற்காது, ஒரு வருஷம்தான். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஒரு தடவை தேய்த்தே ஆக வேண்டும், விட்டால் மரம் வெளுத்துக் காய்ந்துபோகும். வயசான காலத்தில் இது எதற்கு வேண்டாத வேலை என்று சுகாசினி கேட்டாள், மாணிக்கவேல் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அந்த வேலைதான் வேண்டும். ஒரு கதவு வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆளைக் கூப்பிட வேண்டும். வலது பக்கக் கதவை நானும் உன் அம்மாவும் செய்து முடித்துவிட்டோம். உப்புத்தாள் போட்டு, தூசி துடைத்து, துணியில் எண்ணெய் தொட்டு மர வரியோடு தேய்த்து, கொஞ்ச நேரம் ஊற விட்டு மிச்சத்தை வழித்துத் துடைத்தோம். மஞ்சள் இறங்கின இடத்தை உப்புத்தாளால் எடுத்துவிடலாம் என்று போனேன், அவள் கையைத் தட்டிவிட்டாள். எண்ணெய் பட்டதும் அது பழுப்பேறி மரத்தோடு சேர்ந்துகொண்டது. துடைத்த துணியை அவள் சுருட்டிப் பக்கெட்டில் போட்டிருக்கிறாள், சாயங்காலம் தொட்டால் துணி சுடுகிறது. அப்படிச் சுருட்டி வைத்தால் தானாகப் பற்றிக்கொள்ளுமாம், விரித்துக் கொடியில்தான் காயப்போட வேண்டும். நீ செய்யும்போது இதை மறந்துவிடாதே.

ஆமாம், நீ செய்யும்போது. இடது பக்கக் கதவில் நான் கை வைக்கவில்லை. வண்டியேறிப் போய் வந்த கதவு அதுதான், உரித்தபடியே நிற்கிறது. உன் அம்மா தினமும் கெஞ்சுகிறாள், ‘பாவம், பாப்பா அங்க இருந்துக்கினு என்னா பண்ணும், நாமளே தேய்ச்சிடலாங்க’ என்று. முடியாது என்றேன். எண்ணெய் டின்னை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஐப்பசி மழை வந்தால் வெறும் மரம் தண்ணீரைக் குடித்து உப்பும், சாத்த முடியாமல் போகும். போகட்டும். திறந்தே கிடக்கட்டும். கேட்கிறவர்களிடம் என் பெண் உரித்தாள், அவள் வந்துதான் பூசுவாள் என்று சொல்லிக்கொள்கிறேன். வீட்டைக் கொடுக்கப் போறீங்களா என்று கேட்கிறவர்களுக்கும் இப்போது அதைத்தான் சொல்கிறேன்.

அங்கே இருக்காதே என்று நான் சொல்லவில்லை. எழுதிப் போட்டது கிடைக்கட்டும், நல்லபடியாக இரு. நானும் தாமலை விட்டு இந்த ஊருக்கு வந்தவன்தான், நீ இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கிறாய், அவ்வளவுதான். ஆனால் நான் வந்துவிட்டேன் என்பதற்காகத் தாமலை யாரும் தொட வேண்டாம் என்று எழுதி வைக்கவில்லை, வாரம் ஒரு தடவை போய் நிற்கிறேன். உன்னை வாரம் ஒரு தடவை கூப்பிடவில்லை. எப்போது லீவு கிடைக்கிறதோ அப்போது வா, நாலே நாள் என்றாலும் வா. வர முடியாது என்றால் அதை என்னிடம் சொல், என் கோபத்துக்குப் பயந்து அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே, ஊரான் குரூப்பில் எழுதாதே. நான் கத்துவேன்தான். கத்தினால் என்ன, எனக்கு வேறு எப்படிப் பேசத் தெரியும்?

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், தலைக்கு ஏதாவது கட்டிக்கொள். ராத்திரி ரொட்டித் துண்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு பிடி சோறாவது வடி. எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, நான் கோபமாக இருக்கிற நாளிலும் உண்டு, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று, அந்த குரூப்பில் போட்ட படத்தை முதலில் எடு. உன் கையுறையைப் பரணில் பத்திரமாக வைத்திருக்கிறேன், புதுசு வாங்கிக்கொண்டு வராதே. சமயம் வரும்போது நானே வந்து போட்டுக்கிறேன் என்று மெசேஜ் மட்டும் அனுப்பாதே. வந்து எங்களுக்குப் போட்டுக் கொடு.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத உன் அப்பா,
தா. வீரபத்திரன்.

பாப்பா, அம்மா எழுதறேன். அப்பா கவர் ஒட்டப் பசை எடுக்க உள்ள போயிருக்கறாரு, அதுக்குள்ள எழுதறேன். பீரோவுக்கு இன்னொரு சாவி என்கிட்ட இருக்குது. இடது கதவுல சாரல் அடிக்கிற அடிப்பக்கத்த மட்டும் நான் தேய்ச்சுட்டேன்மா, மழ வந்தா வீணாப் போயிடுமேன்னு. அவரு பார்த்துட்டாருன்னுதான் நெனைக்கிறேன், ஒண்ணும் கேக்கல. மேல, உன் கைக்கு எட்டற எடத்த அப்படியே வுட்டு வச்சிருக்கேன்.